மேலிடம் இறங்கி வந்த கதை

அந்தக் கட்டட வேலையில் முந்நூறு பேர் இருந்தார்கள். அதில் ஒருவரை மட்டும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்ஜினியரிலிருந்து டீ கொண்டு வருகிற அம்மா வரை எல்லாருக்கும் அவர் 'மேலிடம்'. தரையிலிருந்து இருநூற்றுப் பதினான்கு படி ஏறினால் வரும் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து டவர் கிரேனை ஓட்டுகிறவர் அவர். "மேலிடத்துல என்ன சொல்றாங்க?" "மேலிடம் இன்னும் சாப்பிடலையாம்." "மேலிடத்து உத்தரவு வந்தாத்தான் கம்பி இறங்கும்." நாள் முழுக்க இந்தக் கேலி ஓடும். வாக்கி-டாக்கியில் எல்லாம் அவர் காதில் விழும். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பட்டப்பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு ஆள் உட்காரலாம். இன்னொரு ஆள் தலையை இடித்துக்கொண்டு நிற்கலாம். ஒரு நாற்காலி, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு லிவர், காற்றின் வேகம் காட்டும் மீட்டர், சாப்பாட்டு டப்பா மாட்ட ஒரு ஆணி, குடிதண்ணீருக்கு ஒரு பாட்டில், குடித்த தண்ணீரின் பின்விளைவுக்கு இன்னொரு பாட்டில். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். ஏறுகிற வழியில் ஐந்து இடத்தில் மூச்சு வாங்க இரும்புத் தட்டுகள் உண்டு. மற்ற ஓட்டுநர்கள் அங்கே நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். இவர் தட்டுக்கு ஒரு ஜெபம் வைத்திருந்தார். முதல் தட்டு மனைவிக்கு. இரண்டாவது, கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு. மூன்றாவது கீழே வேலை செய்கிறவர்களுக்கு. நான்காவது, இந்தக் கட்டடத்தில் பின்னால் குடிவரப்போகிற முகம் தெரியாத ஜனங்களுக்கு. ஐந்தாவது தனக்கு. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் மூச்சு இரைத்துவிடும் என்பதால் பெரும்பாலும் தனக்கென்று ஒன்றும் கேட்காமலே மேலே போய்விடுவார். கேபினுக்குள் நுழைந்து, கண்ணாடியைத் துடைத்து, வலது கையை லிவர் மேல் வைத்து, "இன்னைக்கும் உம்ம இஷ்டம், ஆண்டவரே" என்பார். அப்புறம்தான் சாவியைத் திருப்புவார்.

இருபத்திரண்டு வருஷமாக ஒருநாள் தவறாமல் இதைச் சொல்லியிருக்கிறார். ஆண்டவருடைய இஷ்டமும் தம்முடைய இஷ்டமும் என்றைக்காவது முட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அத்தனை வருஷமும் இரண்டும் நல்ல சிநேகிதர்கள் போல ஒத்துப்போய்க்கொண்டிருந்தன. அவர் கிரேனில் ஒரு விபத்து கிடையாது. ஒரு கீறல் கிடையாது. ஒரு தடவை பந்தயம் வைத்து, தரையில் ஒரு முட்டையை நிறுத்தி, அதன் தலையைத் தொடுகிற மாதிரி இரண்டு டன் உத்திரத்தை இறக்கி நிறுத்தினார். முட்டை உடையவில்லை. அந்த முட்டையை அவித்துச் சாப்பிட்டவர் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். யாராவது பாராட்டினால், "என் கையில என்னப்பா இருக்கு? எல்லாம் மேல இருக்கிறவர் செயல்" என்பார். மனசாரத்தான் சொல்வார். ஆனால் சொல்லி முடித்துவிட்டு, இன்னொரு தடவை பாராட்டுவார்களா என்று லேசாகக் காத்திருப்பார். நல்ல மனிதர்தான். அந்த ஒரு சின்னக் காத்திருப்பு மட்டும் அவரிடம் இருந்தது.

மேலே ஒருவர் இருந்தால் கீழே ஒருவர் வேண்டும். கீழே இருந்தவருக்குக் 'கைகாட்டி' என்று பெயர். மேலிடத்தைவிட ஐந்து வயது இளையவர், ஒல்லியான ஆள், வருஷத்தில் பாதி நாள் இருமல். ஆரஞ்சு நிறச் சட்டையும் வாக்கி-டாக்கியுமாக, சுமை எங்கே இறங்க வேண்டுமோ அங்கே நின்று சைகை காட்டுவதும் சொல்வதும் அவர் வேலை. கட்டடம் உயர உயர, மேலே இருக்கிறவருக்குப் பாதி இடம் தெரியாது. சுவருக்குப் பின்னால் இறங்குகிற சுமையை அவர் பார்க்கவே முடியாது. அப்போது குரல்தான் கண். அதற்கு ஒரு விதி உண்டு. கீழே இருக்கிறவர் வாயை மூடக் கூடாது. "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கிரேன் நிற்க வேண்டும். ஏன் நின்றது, பேட்டரி போனதா, ஆள் போனானா என்றெல்லாம் மேலே இருக்கிறவர் ஆராயக் கூடாது. சத்தம் வரவில்லையா, அசையாதே. அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷமாக இவர்கள் இருவரும் இப்படித்தான் வேலை செய்தார்கள். ஆனால் முட்டைக் கதையைச் சொல்கிற யாரும் கைகாட்டியைச் சேர்த்துச் சொன்னதில்லை. முட்டைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு "இறக்கு, இன்னும் ஒரு நூல், நிறுத்து" என்று சொன்னவர் அவர்தான். மேலிடமும் அதைச் சேர்த்துச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, ஞாபகம் வரவில்லை.

வலது கையின் மூன்று விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தது எப்போது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. முதலில் காலையில் கொஞ்ச நேரம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு டம்ளர் இரண்டு தடவை கை தவறியது. பிறகு சட்டைப் பொத்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைப் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் சத்தம் போடாமல், தலை வழியாக மாட்டுகிற பனியன் சட்டைகளுக்கு மாறிவிட்டார்.

அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். நாளைக்கு நூறு பேருடைய நோயைச் சீட்டில் படிக்கிற அந்தம்மாவின் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பும்போது, கண்ணாடி முன்னால் கால் மணி நேரமாக ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"விடுங்க, நான் போடறேன்."

"நான் என்ன சின்னப் புள்ளையா? கைய எடு."

"கை என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பொத்தான் சின்னது."

"போன மாசமும் இதே சட்டைதான். பொத்தான் என்ன வளர்ந்து தேயுதா? டாக்டர்கிட்ட போங்க."

"போறேன், போறேன். இந்தக் கட்டடம் முடியட்டும்."

அன்றைக்கு ஆலயத்தில் அவர் முழங்காலில் நின்று கேட்டது இதுதான்: ஆண்டவரே, இந்தக் கையைச் சரிபண்ணிடும். இன்னும் பன்னிரண்டு மாடிதான். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். இதைக் கேட்டுவிட்டுக் கடைசியில் வழக்கம்போல 'உம்ம இஷ்டம்' என்றும் சேர்த்துக்கொண்டார். சாமான் பட்டியலை நீட்டிவிட்டு, 'உங்க விருப்பம் போலப் போடுங்க' என்று கடைக்காரரிடம் சொல்கிற மாதிரி. இப்படி இரண்டு மாதம் போயிற்று. அதிசயமாக, கிரேன் மட்டும் பழையபடி துல்லியமாகவே ஓடியது. கை மரத்திருந்தாலும் சுமை போய் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. ஆண்டவர் என் கையைத் தம்முடைய கையால் பிடித்திருக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்து, கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை காற்று கொஞ்சம் அதிகம். மீட்டர் இரண்டு தடவை கத்தியது; ஆனால் வேலையை நிறுத்துகிற அளவு இல்லை. ஏழாவது மாடியில், லிப்ட் சுவருக்குப் பின்னால், வார்த்துவைத்த மாடிப்படித் துண்டு ஒன்றை இறக்க வேண்டும். இரண்டரை டன். அவருக்கு அந்த இடம் தெரியாது. கைகாட்டியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"வலது, வலது, வலது அண்ணே, இன்னும் வலது…"

நடுவில் ஒரு இருமல். பிறகு, "நிறுத்து!"

குரல் அறுந்த அந்தக் கணத்திலேயே அவர் மனசு நிறுத்தச் சொல்லிவிட்டது. அந்த லிவரை விட்டால் போதும், தானே நடுவுக்கு வந்து கிரேன் நின்றுவிடும். விட்டுவிட்டோம் என்றுதான் அவர் நினைத்தார். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, விரல்கள் அதை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. இடது கையால் வலது கையைப் பிடுங்கி எடுத்தார். அதற்குள் கிரேன் இன்னும் கொஞ்சம் திரும்பிவிட்டது. சுவருக்குப் பின்னால் ஏதோ சரிகிற சத்தம்.

வாக்கி-டாக்கி மௌனமாக இருந்தது. அவர் அசையவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு நீளமான மௌனத்தை அவர் கேட்டதில்லை.

"அண்ணே." இருமலோடு குரல் வந்தது. "நான் இருக்கேன். பாதிச் சுவர் போச்சு. காத்து தள்ளிடுச்சு போல."

அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ஆனால் வந்தது வேறு.

"ஆமா," என்றார். "காத்துதான்."

சாயங்காலம் இறங்கி வந்தபோது இன்ஜினியர் அறிக்கை எழுதி முடித்திருந்தார். காரணம் என்ற கட்டத்தில் 'காற்று' என்று போட்டிருந்தது. "காத்துக்கு மெமோ குடுக்க முடியுமா?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். யார்மேலும் பழி இல்லை, யாருக்கும் அடி இல்லை. கைகாட்டிக்குத் தோளில் மட்டும் ஒரு சிராய்ப்பு. சுவர் சரிந்த இடத்தில் ஒரு கணம் முன்னால்வரை அவர்தான் நின்றிருந்தார். அவர் வந்து மேலிடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வலது கையைத்தான்.

"நல்ல வேளை சட்டுனு நிறுத்தினீங்க அண்ணே. இல்லேன்னா இன்னைக்கு என் வீட்டுல அழுகைதான்."

கைகாட்டி அழுத்திப் பிடித்திருந்தார் என்பது பார்த்ததால்தான் அவருக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போய் அவர் நேராக முழங்கால் போட்டார். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் அவருக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது; பக்கத்து வீட்டுக்காரருடைய ஸ்கூட்டர் வரைக்கும் ஜெபிக்கிற ஆள். அன்றைக்கு 'ஆண்டவரே' என்றதோடு நின்றுவிட்டது. கடையிலிருந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, முகம் கழுவி, அடுப்பில் தண்ணீர் வைத்து, திரும்பி வந்து பார்க்கிறார். மனிதர் அதே இடத்தில்.

"என்ன, இன்னைக்கு ஆமென் வர மாட்டேங்குதா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விரல், லிவர், சுவர், காற்று. அந்தம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னா நாளைலேர்ந்து மேல ஏற விட மாட்டாங்க," என்றார் அவர். "எனக்கு வேற என்ன தெரியும்? அம்பத்தி நாலு வயசுல நான் போய் என்ன கத்துக்கறது? இன்னும் கொஞ்ச நாள், இந்தக் கட்டடம் மட்டும். ஆண்டவர்கிட்டயும் அதைத்தான் கேக்கறேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

அந்தம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "நாளைக்குக் கீழ யாரு நிப்பா?" என்று கேட்டார்.

"கைகாட்டிதான். வேற யாரு?"

அந்தம்மா சாப்பாட்டை எடுத்துவைத்தார். உபதேசம் செய்திருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். அந்த ஒரு கேள்வியைத் தட்டில் வைத்துக்கொண்டு அவரால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலையில் வேலை தொடங்குமுன் வழக்கமான பாதுகாப்புக் கூட்டம். முந்நூறு பேர் தலைக்கவசத்தோடு நிற்கிறார்கள். இன்ஜினியர் ஒரு மணல் மேட்டின்மேல் ஏறி நின்று, காற்று வீசும்போது எடுக்க வேண்டிய எச்சரிக்கைகளைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "நேத்து நம்ம மேலிடம் நிதானமா இருந்ததாலதான் ஒரு உயிர் தப்பிச்சுது. எல்லாரும் கை தட்டுங்க" என்றார்.

தட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். எந்தப் பாராட்டுக்காக அவர் எப்போதும் லேசாகக் காத்திருப்பாரோ, அது முந்நூறு ஜோடிக் கையில் வந்து கொட்டியது. கை தட்டல் முழுசாக அடங்குகிறவரை அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு முன்னால் வந்தார்.

"காத்து இல்ல சார்," என்றார். "கை."

இன்ஜினியருக்குப் புரியவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினார். "இந்த மூணு விரல் மேல ஏதாவது வைங்க சார்."

இன்ஜினியர் சட்டைப் பையைத் துழாவினார். ஒரு நட்டு கிடைத்தது. அதை அந்த விரல்களின்மேல் வைத்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார்:

"வெச்சுட்டீங்களா சார்?"

டீ அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஜினியரின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா இந்தக் கையோட இத்தனை பேர் தலைக்கு மேல சுமை தூக்கினீங்களா? அறிவு இருக்கா உங்களுக்கு? கொலை கேஸ் ஆகியிருக்கும்!"

இன்ஜினியர் கத்தித் தீர்த்தார். மேலிடம் வயசு, அனுபவம், இத்தனை வருஷத்துச் சேவை, எதையும் இழுக்கவில்லை. "தப்பு சார். நேத்தும் பொய் சொன்னேன். அது இன்னும் பெரிய தப்பு" என்று மட்டும் சொன்னார். கைகாட்டி இருந்த பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோ தம்பி" என்றார். கைகாட்டி ஏனோ நிமிர்ந்து பார்க்காமல் இருமிக்கொண்டிருந்தார். யாரும் கண்டுபிடிக்காத ஒரு தப்பை, யாரும் கேட்காதபோது, கை தட்டிய கூட்டத்தின் முன்னாலேயே ஒரு மனிதர் எடுத்து வைக்கிறார் என்றால், அது இருநூற்றுப் பதினான்கு படி ஏறுவதைவிடக் கஷ்டமான காரியம்தான். அதை அவர் செய்தார்.

கழுத்து நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், பயிற்சி சொல்லிக்கொடுத்தார். உணர்ச்சி திரும்ப வரலாம், வராமலும் போகலாம். "லிவரை மட்டும் மறந்துடுங்க" என்றார்.

மூன்று வாரம் வீட்டில் இருந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்தில் கிரேனின் தலை தெரியும். அது திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அதை வேறு யாரோ ஓட்டுகிறார்கள். ஜெபம் செய்தால் பதில் இல்லை. எங்கே போவது, எதைச் செய்வது, ஒன்றும் தெரியவில்லை. ஒரு அக்காள் மகனிடம் வேலைக்குச் சொல்லிவைத்தார், இன்னொருவர் கடையில் போய் விசாரித்தார், அதுவும் போதாமல் சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்து உயரவாரியாக அடுக்கிவைத்தார். உப்பைத் தேடிப் பத்து நிமிஷம் அலைந்த அந்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, குரல் வரலைன்னா அசையக் கூடாதுன்னு இருபது வருஷமா எனக்குக் கதை சொல்லிட்டு இருக்கீங்களே, அந்த விதி கிரேனுக்கு மட்டும்தானா? கொஞ்சம் அசையாமத்தான் இருங்களேன்!"

அவர் கையில் மிளகாய்த்தூள் டப்பாவோடு நின்றுவிட்டார். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து, சுமை தொங்க, குரலுக்காக எத்தனை தடவை காத்திருந்திருக்கிறார்! ஒரு தடவைகூடக் கைகாட்டி தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அவர் நினைத்ததில்லை. ஆண்டவரிடம் மட்டும் அந்த மரியாதை இல்லாமல் போயிற்றே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. லிவரை விட்டுவிட்டதாக நினைத்து விரல்கள் பிடித்துக்கொண்டிருந்த அதே கதைதான் இதுவும். உம்ம இஷ்டம் என்று வாய் விட்டுவிட்டது, பிடி விடவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான்காவது வாரம் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. தரையில் ஒரு வேலை இருக்கிறது, கைகாட்டிக்கு உதவியாள். ஆரஞ்சுச் சட்டை. அவர் சொல்கிறபடி கேட்க வேண்டும். சம்மதமா?

"சம்மதம்," என்றார். யோசிக்கவில்லை. யோசித்தால் வேறு பதில் வந்துவிடும் என்று பயம்.

முதல் நாள் அவரைப் பார்த்ததும், "மேலிடம் கீழிடம் ஆயாச்சு!" என்று ஒருவர் கத்தினார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, முகம் சுருங்கிப்போயிற்று. இரண்டாம் நாள் அதே ஆள் அதையே சொன்னபோது, "இங்க காத்து நல்லா வருதுப்பா, பாட்டில் தூக்கவும் வேண்டாம்" என்று பதில் சொன்னார். அதற்கு அப்புறம் கேலி பண்ணுகிறவர்களுக்கே சுவாரஸ்யம் போய்விட்டது. அவர் வேலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். எந்தச் சுமைக்கு எங்கே நிற்க வேண்டும், எந்தக் கயிற்றை எவ்வளவு இழுத்துப் பார்க்க வேண்டும், கொக்கிக்குக் கீழே ஏன் ஒருபோதும் போகக் கூடாது. கைகாட்டி சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். மரத்த விரல்களுக்குச் சைகை காட்டுவதில் ஒரு தடையும் இல்லை. உயர்த்தினால் உயர்கிறது, மடக்கினால் மடங்குகிறது. அவர் கையைப் பார்க்க வேண்டியது மேலே இருக்கிறவர்தானே.

மேலே இப்போது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர், வேலையில் சுத்தம். பத்தாவது மாடியில் சுவருக்குப் பின்னால் ஒரு படித்துண்டை இறக்குகிற வேலை வந்தபோது, கைகாட்டி வாக்கி-டாக்கியை எடுத்து நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க அண்ணே."

அவர் அதை வாங்கிக்கொண்டார். "வலது, வலது, வலதும்மா…" பார்க்க முடியாத உயரத்தில் இருந்த யாரோ ஒருவர் தன் குரலை மட்டும் நம்பி இரண்டரை டன்னை நகர்த்துவதை அவர் முதல் தடவையாகக் கீழே நின்று பார்த்தார். படித்துண்டு சுவரை நெருங்கியது. "நிறுத்து!" என்றார். அது டக்கென்று நின்றது. நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே.

கைகாட்டி அவர் காதருகே குனிந்தார். "முன்னாடியே சொல்லிட்டீங்க அண்ணே. அவங்களுக்கு அது வேண்டாம். நேரத்துக்குச் சொன்னா போதும்."

"யாருக்கு வேணும் அது?"

கைகாட்டி வாக்கி-டாக்கியை வாங்கி, "வலது, வலது… நிறுத்து. இறக்கு, இறக்கு" என்று மிச்ச வேலையை முடித்தார். படித்துண்டு இடத்தில் உட்கார்ந்தது. கொக்கியைக் கழற்றினார்கள். அதன் பிறகு அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"உங்களுக்கு வேண்டியிருந்துச்சு அண்ணே. ரெண்டு மாசமா கொக்கி ஒரு கணம் தாமசமா நிக்கறது எனக்குத் தெரிஞ்சுது. கை சரியில்லன்னு தோணுச்சு. கேட்டா மனசு கஷ்டப்படுவீங்கன்னு கேக்கல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதுவரைக்கும் 'நிறுத்து'ங்கறதை அரை மூச்சு முன்னாடியே சொல்லிட்டு வந்தேன். அன்னைக்கு மட்டும் இருமல் வந்துடுச்சு."

மேலிடம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நானும் செஞ்சது தப்புதான். என் உயிர் மட்டும் இல்லையே, எத்தனை பேர் நிக்கறாங்க. நீங்க லீவுல இருந்தப்பவே இன்ஜினியர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். காத்துக்குக் குடுக்க வேண்டிய மெமோவ எனக்குக் குடுத்துட்டார்."

இந்த நகைச்சுவைக்கு மேலிடம் சிரித்திருக்க வேண்டும். அவர் சிமெண்ட் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து அழுதார். பத்தாவது மாடியில், நாலு பேர் பார்க்க, மூக்கை ஆரஞ்சுச் சட்டையில் துடைத்துக்கொண்டு அழுதார். ஆண்டவர் தன் கையைப் பிடித்திருக்கிறார் என்று அந்த இரண்டு மாதமும் பெருமைப்பட்டாரே, அது பொய்யில்லை. பிடித்துத்தான் இருந்தார். ஆனால் இவர் நினைத்த மாதிரி மேலே இருந்து இல்லை. கீழே, சுமை விழுகிற இடத்தில், இருமிக்கொண்டு நின்ற ஒரு ஒல்லியான மனிதரின் வாய் வழியாக. இருபத்திரண்டு வருஷம் தாம் தூக்கிய சுமைகளை எல்லாம் அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றைக்கூடத் தனியாகத் தூக்கியதாக ஞாபகம் வரவில்லை.

"முட்டை," என்றார் அழுகைக்கு நடுவில்.

"என்ன அண்ணே?"

"அந்த முட்டைக்குப் பக்கத்துல படுத்திருந்தது நீதானே."

"ஆமா. மூக்குல தூசி ஏறி, தும்மிடுவேனோன்னு பயந்துட்டு இருந்தேன்," என்றார் கைகாட்டி. இருவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து முட்டைக் கதையை யார் ஆரம்பித்தாலும், அதைக் கைகாட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று மேலிடம் ஒற்றைக் காலில் நின்றார்.

பிறகு ஒன்பது வருஷம் அவர் தரையில் வேலை செய்தார். விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவே இல்லை. மூன்று கட்டடங்கள் எழும்பின. எத்தனையோ சுமைகள் அவர் குரலில் இறங்கின. ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. அதை யாராவது எடுத்துச் சொன்னால், "மேல அந்தம்மா நல்லா ஓட்டினாங்க" என்பார். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். காத்திருப்பதில்லை.

ஐந்து தட்டு ஜெபத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி இருந்தது. ஏறுவதற்குப் படி இல்லையே. ஒரு காலையில் அவரே பொத்தான் வைத்த சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, சமையலறை வாசலில் போய் நின்றார். மோவாயைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு நின்றார். அந்தம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டு வந்து மேல் பொத்தானிலிருந்து போட ஆரம்பித்தார். முதல் பொத்தானுக்கு அவர் மனைவிக்காக ஜெபித்தார். இரண்டாவது மகளுக்கு. மூன்றாவது வேலை செய்கிறவர்களுக்கு. நான்காவது குடிவரப்போகிறவர்களுக்கு. ஐந்தாவது பொத்தானுக்கு மூச்சு இரைக்கவில்லை. தமக்கென்று ஏதாவது கேட்டிருக்கலாம்.

"இன்னைக்கும் உம்ம இஷ்டம், ஆண்டவரே," என்றார்.

"ஆமென்," என்று சொல்லி, அந்தம்மா கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டார்.